பை வைத்த போர்வை

இந்த வெக்கையில் யாருக்கடி போர்வை
என்று கேட்காத புருஷன் எங்கள் சங்கத்தில் இல்லை.
டயாலிசிஸ் மையத்தில் ஏர்கோன் பதினெட்டு.
நான்கு மணி நேரம்
இரத்தம் வெளியே போய்க் குளிர்ந்து திரும்பி வரும்.
ஒரு தடவை உட்கார்ந்துவிட்டு வந்து கேளுங்கள்.

சனிக்கிழமை மாலை, சுங்காய் பேருந்து நிலையத்துக்கு எதிரே
கிம் லியானின் இரும்புக்கடை மாடி.
கீழே ஆணி, குழாய், பெயிண்ட் வாடை.
மேலே நாங்கள் ஒன்பது பேர்,
நடுவில் கட்டில் அளவுக்கு ஒரு மரச் சட்டம்.
பொருளாளர் நான்.
கையிருப்பு நூற்று நாற்பது ரிங்கிட், பிஸ்கட் டின்னில்.

துணி எங்கிருந்தும் வரும்.
கையுறை ஆலையின் பச்சைச் சீருடை,
கக் நோராய்னி வீட்டு ஜன்னல் திரை,
பள்ளி முடித்த மகளின் நீலப் பினஃபோர்,
தேர்தலுக்கு மறுநாள் கம்பத்திலிருந்து கழற்றிய கொடிகள்.
எந்தக் கட்சி என்று தெரியாதபடி
முக்கோணமாய் வெட்டினோம்.
எஸ்தர் மட்டும் எப்படியோ கண்டுபிடித்து
தன் கட்சியை நடுவில் வைத்துவிடுவாள்.

தவமணி பள்ளி வேன் ஓட்டுகிறாள்.
விக்னேஸ்வரி ஷிஃப்ட் முடித்து நேராக வருவாள்,
நகக்கண்ணில் இன்னும் கையுறை மாவு.
இருவரும் பேசி எட்டு மாதம்.
சீட்டுக் காசு, அறுநூறு ரிங்கிட்.
கட்டவில்லை என்கிறாள் ஒருத்தி,
கட்டியாச்சு என்கிறாள் மற்றவள்.
எழுதி வைத்த நோட்டைக் கரையான் தின்றுவிட்டது.
ஆனாலும் ஒரு சனி தவறியதில்லை.
சட்டத்தின் எதிரெதிர் ஓரம்.
"கத்திரி வேணுமாம்" என்பாள் ஒருத்தி, கூரையைப் பார்த்து.
நான் வாங்கிக் கொடுப்பேன்.
ஊசி, மெழுகு, நூல்கண்டு
எல்லாம் என் கை வழியே போய் வந்தன.
டோல் சாவடி நான்.

அன்று ஒரு செம்பனை லாரி மின்கம்பத்தில் மோத
ஊரே இருண்டது.
ஞாயிறு காலை ஒப்படைக்க வேண்டிய போர்வை,
ஓரம் இன்னும் இரண்டு முழம் பாக்கி.
கைப்பேசி விளக்குகளைக் கூரைக் கம்பியில் கட்டினோம்;
ஒவ்வொன்றாய் உயிரை விட்டன.
கடைசியில் நோராய்னியுடையது மட்டும்.
அதுவும் மகன் அழைக்கும்போதெல்லாம் அதிர்ந்து ஆடியது.
விரலை நம்பித் தைத்தோம்.
மழை வேறு தகரத்தில்.
அப்போதுதான், எதிர் ஓரத்திலிருந்து:
"கத்திரி குடு, மணி."

யார் குரல் என்று அத்தனை பேருக்கும் தெரியும்.
ஒருத்தியும் தெரிந்ததாய்க் காட்டிக்கொள்ளவில்லை.
கத்திரி போனது.
என் கை வழியாக அல்ல.

கரண்டு வந்தது.
தவமணி தண்ணீர் குடிக்க எழுந்தாள்.
போர்வையும் எழுந்தது, சட்டம் பாதி எழுந்தது.
கஃப்தானைச் சேர்த்துத் தைத்திருந்தாள்.
நெருக்கமான, சீரான தையல்,
அவள் இதுவரை போட்டதிலேயே நல்ல தையல்.
கிம் லியான் சிரித்த சிரிப்பில்
கீழே கடைப் பையன் என்னவோ ஏதோவென்று ஓடி வந்தான்.

பிரித்தால் அரை மணி ஆகும் என்றேன்.
விக்னேஸ்வரி மண்டியிட்டாள், கையில் கத்திரி.
போர்வையை வெட்டுவாளோ என்று எஸ்தர் ஏசுவைக் கூப்பிட்டாள்.
வெட்டியது கஃப்தானை,
ஒரு சாண் அகலம், பையோடு சேர்த்து.
"பசார் மாலாம்ல பதினெட்டு வெள்ளி" என்றாள் தவமணி.
"சரி, அதையும் சேத்துக்கோ,"
இவள் நேராக அவளிடமே.

ஏழாம் நாற்காலி சன்னாசி,
முப்பது வருஷம் லாரி ஓட்டியவர்,
போர்வை முதுகில் பூப்போட்ட பையைக் கண்டு
எதற்கு இது என்று கேட்கவில்லை.
மூக்குக்கண்ணாடி,
தாகத்துக்கு அடக்கிக்கொள்ளும் புளிப்பு மிட்டாய்,
நாலு நம்பர் சீட்டு
எல்லாம் அதற்குள் போயின.
அடுத்த வாரமே எட்டாம் நாற்காலியில் சண்டை:
எனக்கு எங்கே பை?

இப்போது எல்லாப் போர்வைக்கும் பை தைக்கிறோம்.
கணக்கில் ஒரு வரி நிற்கிறது:
கஃப்தான் ஒன்று, பதினெட்டு ரிங்கிட், தவமணிக்கு.
நான்கு முறை நீட்டிவிட்டேன், வாங்க மாட்டேன் என்கிறாள்.
அறுநூறு அறுநூறாகவே இருக்கிறது.
கத்திரி மட்டும் நேராகப் போய் வருகிறது,
எனக்குத்தான் கை சும்மா இருக்கிறது.