மாதிரி எண் 4417: இடது உள்ளங்கால்

ஃபார்மலின் குப்பியில் வந்தது
கொண்டைக்கடலை அளவு சதை.
மரு என்று எழுதியிருந்தார் சர்ஜன்,
பக்கத்தில் ஒரு கேள்விக்குறி.
தொரைசாமி படையாச்சி, எழுபத்தொன்று.
சாட்ஸ்வொர்த்திலிருந்து டர்பன் மார்க்கெட்டுக்கு
முப்பத்திரண்டு வருஷம் பஸ் ஓட்டியவர்.
கிளட்சை மிதித்த கால்.

மரு இல்லை.
லென்ஸுக்குக் கீழே மேல்தோல்
பெரிய பெரிய செல்களாய் நடந்து வந்து
வேலி கண்ட மாடுபோல் நிற்கிறது.
அந்தப் பக்கம் சின்னஞ்சிறு செல்கள்,
ஒரே அச்சில் வார்த்தவை,
பட்டை பட்டையாய் இறங்குகின்றன.
நடுநடுவே ஓர் ஓட்டை:
வியர்வை போக ஒரு வழி,
எங்கும் போய்ச் சேராத வழி.

போரோமா. தீங்கில்லை.
இரண்டு நிமிஷ வேலை.

மீதி மத்தியானத்தைத் தின்றது ஒரு கட்டம்.
ஆங்கிலப் படிவத்தைத்
தமிழில் படித்துப் பார்த்தது என் தப்பு.
தோற்றம்.
எப்படித் தெரிகிறது என்பதும் அதுதான்,
எங்கே பிறந்தது என்பதும் அதுதான்.
நாளம்போலத் தெரிகிறது, சரி.
நாளத்தில் பிறந்ததா?

நான் படித்த காலத்துப் புத்தகம்
எக்ரைன் என்று அடித்துச் சொன்னது:
தோலைத் திருகித் துளைத்து
வெளியே எட்டிப் பார்க்கும் கடைசித் துண்டு.
அடுத்த பதிப்பு
அபோக்ரைனாகவும் இருக்கலாம் என்று இழுத்தது.
சாயம் போட்டேன்.
ஓட்டைகளின் விளிம்பு மட்டும் பழுப்பேறியது.
ஓட்டை ஓட்டைதான் என்பதற்கு அத்தாட்சி,
தாய் யார் என்பதற்கு இல்லை.

ஏசி நின்று மூன்று நாள்.
பிப்ரவரி டர்பன்.
என் மூக்கு நுனியிலிருந்து ஒரு சொட்டு
ஐபீஸில் விழுந்தது.
வேர்வை என்ற சொல்லுக்குள் வேர் இருக்கிறது.
சுரப்பியின் சுருளில் தேடினால் கிடைப்பதில்லை.
"நாளத்தை ஒத்தது" என்று எழுதி
பிறப்பை விட்டுவிட்டேன்.

சாயங்காலம் போனில் படையாச்சி.
எதனால் வந்தது? டீசலா? கிளட்சா?
அப்பா வழியா?
தெரியாது என்றேன்.
சாகமாட்டேனே?
இதனால் மாட்டீர்கள்.
பின்னால் யாரோ டிவியைக் குறைத்தார்கள்.
"டாக்டர், வேர்வைக் கட்டி என்கிறீர்கள்.
அது வேர்த்ததா?"

இருபது வருஷத்தில்
யாரும் கேட்டதில்லை.
லைனில் இருங்கள் என்று சொல்லி
ஸ்லைடைத் திரும்ப வைத்தேன்.
ஒன்று, இரண்டு, ஏழு,
எல்லாம் காலி.
ஓரத்தில், கத்தி பட்ட இடத்துக்குப் பக்கத்தில்,
ஒரே ஓர் ஓட்டைக்குள்
இளஞ்சிவப்பாய் ஏதோ
உறைந்திருந்தது.