சரக்கு விவரம்

படிவத்தில் ஆறாவது கட்டம்: சரக்கு விவரம்.
பேனாவை அங்கேயே வைத்துக்கொண்டிருந்தேன்.

ஏழடி உயரம்.
விலா எலும்புகள் ஆட்டோ சைலன்ஸர்.
தலைமுடி பைக் செயின், எண்ணெய் போகக் கழுவிப் பின்னியது.
வயிறு மட்டும் மரம்:
காசிமேட்டில் உடைத்துப் போட்ட விசைப்படகின் பலகை,
நீலப் பெயின்ட்டில் பாதிப் பதிவெண்ணோடு.

“பழைய இரும்பா?” என்றார் சுங்க அதிகாரி.
அதற்கு வேறு படிவம்.
“சிலையா?”
சிலையென்றால் கோட்டைக்குப் போய்
நூறு வயதாகவில்லையென்று சான்று வாங்கி வர வேண்டும்.

எசினாம் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றினாள்.
“போன வெள்ளி பொறந்தா.”
எட்டு மாதம் புதுப்பேட்டை வெல்டிங் பையன்களிடம்
பழகிய தமிழ். மரியாதை விகுதி கிடையாது.
என்னையும் நீ என்பாள், அதிகாரியையும் நீ.
சிலையை மட்டும் அக்கா.

போய்ச் சேரும் ஊர் எது என்றேன்.
“கேட்டா.”
கேட்டேன்தான், எந்த ஊர்?
“கேட்டா. கானா. கடலோரம்.”

படிவத்தின் பின்பக்கம் வரைந்து காட்டினாள்:
இந்தப் பக்கம் கடல், அந்தப் பக்கம் காயல்,
நடுவில் நூல்போல மண்.
பிறந்த வீடு, பள்ளிக்கூடம், மாமா கடை என்று
பேனா தொட்ட இடமெல்லாம்
கோட்டுக்கு வெளியே, தண்ணீரில்.
பதினேழு வயதில் வேன்களுக்குக் கதவு பற்றவைத்தாளாம்.
பொம்பளை வைத்த கதவு நிற்காது என்ற டிரைவரின் வண்டியில்
இன்று அந்தக் கதவு மட்டும்தான் பழசாம்.

படிவம் வீணானது. வேறு எடுத்தேன்.

நான் திருவொற்றியூர்.
பாறாங்கல் கொட்டிய கரைக்கு அப்பால்
எங்கள் தெருவும் ஒன்று கிடக்கிறது.
சொல்லவில்லை. அதற்குக் கட்டமில்லை.

பெட்டி நாலு விரற்கடை குட்டை.
வலது கையைக் கழற்றினாள், நான்கு போல்ட்.
“புடி” என்று என்னிடம் நீட்டிவிட்டுத்
தச்சரோடு சண்டைக்குப் போனாள்.
முழங்கை கிக்கர் ராடு, விரல்கள் வால்வு.
வெயிலில் கிடந்த இரும்பில்
குழந்தைக்குக் காய்ச்சலடிக்கிற சூடு.
ஒன்றேகால் மணி நேரம் பிடித்தபடி நின்றேன்,
லோடுமேன்கள் சிரித்துக்கொண்டு போனார்கள்.

கப்பல் கிளம்பிய மறுநாள்தான் பார்த்தேன்,
கை என் மேஜைக்கடியில்.
முழு உருவம், எண்ணிக்கை ஒன்று என்று எழுதி
நானே கையெழுத்திட்டிருந்தேன்.

போன் செய்தேன். அந்தப் பக்கம் காற்றோ அலையோ இரைச்சல்.
“இருக்கட்டும். அக்கா கேட்டா குடு.”
எந்தக் கேட்டா என்று நான் கேட்கவில்லை.

ஃபேன் வேகமாய்ச் சுற்றுகிற மதியங்களில்
அந்த ஐந்து வால்வுகளுக்கடியில்தான்
நாளைய பில்கள்
பறக்காமல் கிடக்கின்றன.