மூட்டைக் கணக்கு

மூட்டைக்கு இருபது ரூபாய்.
ஏற்றினாலும் இறக்கினாலும் அதுதான்.
சம்மாந்துறை மில்லில் பதினேழு வருடம்;
வேறு நாணயம் எனக்குப் பழக்கமில்லை.
ஒரு கிலோ கோழி அறுபது மூட்டை.
மகள் றுஸ்னாவின் டியூசன் மாதம் நூறு.
கரண்ட் பில் வந்தால்
இருபதால் பிரித்துத்தான் ராவியா வாசிப்பாள்.

ஆகவே அம்பாறை கிளினிக்கில்
டொக்டர் படம் கீறி விளங்கப்படுத்தியபோது
நான் படத்தைப் பார்க்கவில்லை.
ஓரத்தில் எழுதிய தொகைகளைப் பார்த்தேன்.

அவருக்குத் தமிழ் அரைவாசிதான்.
மூட்டு என்பதற்கு மாற்றிச் சொன்னார்:
"உங்கட மூட்டை கிழிஞ்சிருக்கு."
நான் திருத்தவில்லை.

எலும்பை விட்டுக் கழன்று
தசைநார் உள்ளே இழுபட்டுவிட்டதாம்.
தோளைத் திறந்து
எலும்பில் துளை போட்டு
நூலைக் கோத்து இறுக்கலாம்.
பெரியாஸ்பத்திரியில் அதற்குக் காசில்லை.
ஸ்கேன் மட்டும் வெளியில்: ஆயிரத்து நானூறு மூட்டை.
கையைத் தொங்கப்போடும் பட்டி
இருநூற்று இருபத்தைந்து.

இல்லையென்றால் வெட்டைக் கொஞ்சம் சுருக்கி
எலும்பில் நங்கூரம் இறக்கலாம்.
நங்கூரம் என்றதும் சிரித்துவிட்டேன்.
எங்களுக்கு நாலு பக்கமும் வயல்.
சோளவிதை அளவில் ஒரு திருகாணி, அவ்வளவுதான்.
ஒன்று அறுபதாயிரம்.
இரண்டு வேண்டும்.
நாமே வாங்கிக் கொடுக்க வேண்டும்.
ஆறாயிரம் மூட்டை;
அந்தப் பாரத்துக்குக் கப்பலே அசையாமல் நிற்கும்.

கடைசி வழி கொழும்பில், தனியாரில்.
பென்சில் பருமனில் மூன்று நாலு ஓட்டை,
ஒன்றுக்குள்ளால் கமரா.
நாலு லட்சத்து எண்பதாயிரம்.
இருபத்து நாலாயிரம் மூட்டையும்
ஒவ்வொன்றாக
அந்தப் பென்சில் ஓட்டைக்குள்ளால் போவதை
நான் கண்ணால் கண்டேன்.

"ஓட்டை சின்னதெண்டா
கெதியா வேலைக்குப் போகலாமா டொக்டர்?"

கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.
"வெளியிலதான் ஓட்டை சின்னது.
உள்ளுக்க நாருக்கு அது தெரியாதே.
அது ஒட்டுற நேரத்துக்குத்தான் ஒட்டும்.
ஆறு மாசம்."

பஸ்ஸில் ஜன்னலோரம்.
நாளைக்கு நூற்றைம்பது,
மாதத்துக்கு இருபத்தைந்து நாள்.
மல்வத்தை தாண்டும்போது விடை வந்தது:
இருபத்திரண்டாயிரத்து ஐந்நூறு.
எந்த ரசீதிலும் இல்லாத மூட்டைகள்.
எந்தக் கத்தியை எடுத்தாலும்
முதலில் இதைச் சுமக்க வேண்டும்,
சுமக்காமல் இருந்து.

மஃரிபுக்குத் தக்பீர் கட்டினேன்.
இடது கை காதுவரை போனது.
வலது கை மார்போடு நின்றுவிட்டது,
படலையடியில் தயங்கி நிற்கும்
கடன்காரனைப் போல.
இதை எத்தனை மூட்டையென்று எழுதுவது?

ராவியா கொப்பியை மூடவில்லை.
"மறுகா தலைக்கு எண்ணெய் வெக்கவாவது ஏலுமா?"
"அது ஏலுமாம்."
"தொழ?"
"ஏலுமாம்."
"மூட்டை?"
நான் விளக்கைப் பார்த்தேன்.
அவள் ஒரு திகதியைச் சுற்றி வட்டம் போட்டாள்.
பேனை மை விட்டுவிட்டு வந்தது,
இரண்டு தரம் சுற்றினாள்.

மறுநாள் மில்லில்
கிளார்க் கலந்தர்லெப்பை
என் சட்டைப்பையிலிருந்த துண்டை எடுத்துவிட்டார்.
"இருபத்து நாலாயிரமா?
எந்த லொறிக்கிடா இவ்வளவு ஏத்தின நீ?"
அவர் கையிலிருந்து இழுத்தெடுத்தேன்.
மார்ச் பதினொன்று, நூல் என்று இருந்த மூலை
பெருவிரலுக்கடியில் ஈரமாகியது.

பொலன்னறுவை லொறி
பின்பக்கமாக வந்து படியோடு முட்டியது.
பலகையைத் திறந்தார்கள்.
குனிந்து
இடது தோளைக் கொடுத்தேன்.