முதுகில் ஒரு பாட்டில்

நவம்பர் ஞாயிறு. பனிமூட்டம் இன்னும்
சோன் ஆற்றங்கரையிலேயே படுத்துக் கிடக்கிறது,
மேலே ஏறி வர அதற்குச் சோம்பல்.
எனக்கு மட்டும் என்ன அவசரமோ,
சங்கிலியைப் பின்சக்கரத்தின் பெரிய பல்லுக்கு ஏற்றிவிட்டு
மூச்சை எண்ணி மிதிக்கிறேன்.

இரு பக்கமும் கமே கொடிகள்.
பழம் இறக்கி ஆறு வாரம்.
பந்தல் கிடையாது இங்கே; ஒவ்வொன்றும்
தன் காலில் நிற்கும் குள்ளக் கட்டை.
பறிக்க மறந்த ஒரு குலை, சுருங்கிப்போய்;
நிறுத்தாமலே பிய்த்து வாயில் போட்டேன்.
துப்பிய விதையில் பாதி என் முழங்காலில்.

மண் என்றால் மண்ணில்லை, ரோஸ் நிறப் பாறையின் தவிடு.
டயருக்கடியில் நறநறவென்று பல்லைக் கடிக்கிறது.
பல்லைப் பற்றி எனக்குத் தெரியும். வாரத்தில் ஐந்து நாள்
பல் மருத்துவரின் முன்னறையில்
பெயரும் நேரமும் குறிப்பவள் நான்.

கடைசி வரிசைக்கு அடுத்த அடியிலேயே காடு,
கதவு தட்டாமல்.
செஸ்ட்நட் முட்கூடுகள், ஈர இலை, திடீர் இருட்டு.
மரத்தில் ஆரஞ்சுப் பலகை: வேட்டை நடக்கிறது.

இந்த ஒற்றையடிப் பாதையில்தான் போன மாதம்
யாரோ ஓக் கிளைகளை வெட்டிக் குறுக்கே போட்டார்கள்.
யாரோ என்ன யாரோ, ஃபுல்பேர் தெகிராஞ்ச்.
சைக்கிள்காரர்கள் பன்றிகளை மிரட்டுகிறார்கள் என்று
மேயருக்கு நான்கு கடிதம் எழுதியவர்.
எங்கள் பதிவேட்டில் அவர் வேறு மாதிரி:
வலப்பக்கக் கீழ்க் கடைவாய். மூன்று முறை வரவில்லை.

கிளைகள் இன்னும் கிடந்தன.
சைக்கிளைத் தோளில் ஏற்றித் தாண்டும்போது மணிச் சத்தம்.
நாய்.
வெள்ளையில் தேன்நிறத் திட்டு, ஒரு காது கிழிசல்,
கழுத்துப் பட்டையில் பித்தளை மணி, பக்கத்தில் தொலைபேசி எண்.
பன்றியைத் துரத்தி வந்து, பன்றியைத் தொலைத்து,
தன்னையும் தொலைத்த முகம்.
என் கையுறையை முகர்ந்தது. வாழைப்பழ வாசம்.
உட்கார்ந்துவிட்டது.

எண்ணை அழுத்தினேன். "அலோ?"
அந்தக் குரல் எனக்குப் பழக்கம்.
வாயில் பாதியை வலிக்குக் கொடுத்துவிட்டு
மீதியில் பேசும் குரல்.

சிலுவைக் கல் முக்கில் வெள்ளை வேன்.
அவர் நாயைத் திட்டினார், பெயர் சொல்லி, நீளமாக,
ராவிகோத், கழுதையே, ராவிகோத்;
கை மட்டும் அதன் விலாவைத் தடவிக்கொண்டே இருந்தது.
என் முகத்தைப் பார்க்கவில்லை. டயரைப் பார்த்தார்.
"எந்த வழியாக?"
"கிளைகளைத் தாண்டி."
கொஞ்ச நேரம் கன்னத்தைப் பிடித்தபடி நின்றார்.
மன்னிப்புக்கு அந்த வாயில் இடமில்லை,
சொத்தை அடைத்துக்கொண்டிருந்தது.
வேனுக்குள் துழாவி ஒரு பாட்டில் எடுத்தார்.
லேபிள் இல்லை, சாக்பீஸில் ஆண்டு மட்டும்.

தண்ணீர்க் குடுவைக்கான கம்பியில் அது நுழையவில்லை.
சட்டையின் முதுகுப் பையில் செருகினேன்.
தண்டுவடத்தில் சில்லென்று கண்ணாடி.
"வியாழன் ஒன்பதரை," என்றேன். "காலியாக இருக்கிறது."
வேன் கதவை அறைந்து சாத்தினார்.
அது சரியா, முடியாதா,
அந்தக் கதவுக்குத்தான் வெளிச்சம்.

இனி இறக்கம். நாலு கிலோமீட்டர்.
எப்போதும் ஏழு நிமிடத்தில் விழுந்து முடிப்பேன்.
இன்று இரண்டு கையின் விரல்களும் பிரேக்கில்.
ஒரு கல் தூக்கிப் போட்டால் போதும்,
முதுகு முழுக்கச் சிவப்பு, எது யாருடையது என்று தெரியாமல்.

அதனால் பார்க்கிறேன்.
இரண்டாம் திருப்பத்தில் ஒரு பீச் பழ மரம் இருக்கிறதாம்;
ஒன்பது வருடம் அது எனக்கு
இடது கண்ணோரம் ஒரு கறுப்புக் கோடு.
கருவிக் கொட்டகைக் கதவில் யாரோ போட்ட பென்சில் கணக்கு.
கழித்தல் தப்பு.
மஞ்சளாகவும் இல்லாமல் சிவப்பாகவும் இல்லாமல்
முடிவெடுக்க முடியாத ஒரு சரிவு.

"பெரங்கேர், பஞ்சரா?"
பின்னாலிருந்து பாய்ந்த லுபின் கத்துகிறான்.
நான் வாய் திறப்பதற்குள்
வளைவு அவனை விழுங்கிவிட்டது.
இல்லை என்று வளைவிடம் சொன்னேன்.
பாட்டில் இதற்குள்
என் சூட்டுக்கு வந்திருந்தது.