நாலு கட்டம்

முனைக்காட்டில் மூன்று குழு.
சகாயராணியுடையது, முனீஸ்வரியுடையது, ரஹ்மத் பீவியுடையது.
பன்னிரண்டடி மூங்கில் சதுரம் ஒரு மிதவை;
மிதவைக்கு இருபது கயிறு,
கயிறு நெடுக விரல் நீளப் பாசி விதை.
நாற்பத்தைந்தாம் நாள் அறுப்பு.

கம்பெனிக்குக் கணக்கு எழுதுகிறவள் நான்.
ஆனி மாத அறுப்பில் எல்லோருக்கும் எடை குறைந்தது.
"ஓரா மீன் தின்னுட்டுது" என்றார்கள் மூன்று பேரும்
ஒருத்தி முகத்தை ஒருத்தி பார்க்காமல்.
ஓரா மீன் தின்னும், சரி.
நைலான் கயிற்றைக் கத்தி வைத்தா அறுக்கும்?

அன்றிரவு எடைச் சீட்டின் முதுகில்
நாலு கட்டம் போட்டேன்.
நீ அவள் மிதவையில் கை வைத்து, அவள் சும்மா இருந்தால்
உனக்கு முப்பது கிலோ, அவளுக்கு நாற்பது நட்டம்.
(இருட்டில் அறுத்தால் பத்துக் கிலோ
கடலுக்கே போகும்.)
இருவரும் சும்மா இருந்தால் சும்மாதான்.
இருவரும் கை வைத்தால் ஆளுக்குப் பத்து நட்டம்.
எந்தப் பக்கமிருந்து கூட்டினாலும்
கணக்கு அந்தக் கடைசிக் கட்டத்துக்கே தள்ளியது,
அறுந்த மிதவையை எல்லாம்
சோழகம் வடக்கே தள்ளுவது மாதிரி.

ஆளை மாற்ற முடியாது. வேலையை மாற்றினேன்.
எல்லோரும் எல்லாவற்றையும் கட்டுங்கள்.
எந்த மிதவை எந்தக் குழுவுக்கு என்று
அறுப்பன்று காலையில் சீட்டுக் குலுக்குவேன்.
தன்னுடையது எது என்று தெரியாதவள்
எதை அறுப்பாள்?

முனீஸ்வரி வெற்றிலையை ஓரம் ஒதுக்கினாள்.
"நான் கட்டுறது எனக்கு வர மூணுல ஒரு வாய்ப்பு.
அப்ப மூணுல ஒரு பங்கு இறுக்கினாப் போதும்ல?"

வீட்டுக்கு வந்து போட்டுப் பார்த்தேன்.
அவள் சொன்னதுதான் சரி.
பிழையை எங்கே திருத்துவதென்று தெரியாமல்
ஆவணி வரை தூக்கம் கெட்டது.

ஆவணியில் மிதவைகள் கனத்துக் கிடந்தன.
கயிறு முழுக்கப் பாசி, முடிச்சு முழுக்க இறுக்கம்.
எனக்குக் காரணம் தெரியவில்லை.
இடுப்பளவு நீரில் ரஹ்மத் பீவி
ஒரு முடிச்சைத் தடவிப் பார்த்துச் சொன்னாள்:
"சகாயம் போட்டது. இடது கைக்காரி."
அடுத்தது, "இது நம்ம நிலோபர், ரெண்டு சுத்து அதிகம்."

சீட்டு மறைத்தது அறுக்கிறவளை.
கட்டினவளை அது மறைக்கவே இல்லை.

கடைசிச் சீட்டு முனீஸ்வரிக்கு.
இழுத்து வந்த மிதவையில்
ஏழு கயிறு நிறைய,
பதின்மூன்று வெறுங்கயிறு, அவிழ்ந்த முடிச்சோடு.
அந்த முடிச்சு யாருடையதென்று
கரையில் நின்ற நாய்க்கும் தெரிந்திருக்கும்.

யாரும் வாய் திறக்கவில்லை.
அவள்தான் தொண்டையைச் செருமிக்கொண்டு
"ஓரா" என்றாள்.
சகாயராணி முந்தானையை வாயில் பொத்தினாள்.

தொண்ணூற்றொரு கிலோ.
குறிப்பு என்ற பத்தியில்
நானும் எழுதினேன்:
ஓரா மீன்.