கட்டைக் கணக்கு

பழனி மலை அடிவாரத்தில்
அணை கட்டியபோது கல் சுமந்த
குட்டி ரயிலின் தண்டவாளம்,
ஒன்றேகால் முழம் அகலம்,
கரையிலிருந்து நேராகத் தண்ணீருக்குள் இறங்குகிறது.
எங்கே முடிகிறதென்று நான் பார்த்ததில்லை.

அளவுகோலில் பெயின்ட் உதிர்ந்து பத்து வருஷம்.
நான் சிலிப்பர் கட்டைகளை எண்ணுகிறேன்.
கடைமடை நாச்சிமுத்து போனில்
அடியும் கனஅடியும் கேட்பதில்லை.
"லஸ்கரே, எத்தனை கட்டை?"
பதினொன்று தெரிந்தால்
மக்காச்சோளத்துக்கு இன்னொரு தண்ணி உண்டு.
இருபது தெரிந்தால்
வாய்க்காலில் ஆடு படுத்துக்கொள்ளலாம்.

இருபதும் தெரிந்த சித்திரையில்
ஒரு ராத்திரி
யாரோ கேஸ் கட்டரோடு வந்து
பன்னிரண்டிலிருந்து பத்தொன்பது வரை
தண்டவாளம், இரும்புக் கட்டை, ஆணி
எல்லாவற்றையும் மினி லாரியில் ஏற்றிவிட்டார்கள்.

ஏட்டு கேட்டார்: எத்தனை கிலோ இருக்கும்?
ஜே.இ. பதிவேட்டைப் புரட்டிவிட்டுச் சொன்னார்:
அப்படி ஒரு ரயிலே நம்மிடம் கிடையாதே.

பிறகு கூக்காலில் மழை.
ஏறி வந்த தண்ணீர்
அந்த இடைவெளிக்குள்தான் எங்கேயோ நிற்கிறது.

போன் அடிக்கிறது.
விதை மூட்டையை இன்னும் பிரிக்கவில்லையாம்.
"லைன்லயே இருங்க."

செருப்பைக் கழற்றிச் சேற்றில் இறங்குகிறேன்.
கட்டை கிடந்த பள்ளங்கள்
துருவின் சொரசொரப்போடு
காலில் தட்டுப்படுகின்றன.
பன்னிரண்டு.
பதின்மூன்று.
பதினான்கு.
அடுத்தது பள்ளம்தானா,
தண்ணீர் குடிக்க வந்த
ஏதோ ஒரு மாட்டின் குளம்படியா?

காதருகே நாச்சிமுத்து
மூச்சுவிடாமல் காத்திருக்கிறார்.