இடது கன்னம்

அசையாதே என்றேன்.
சின்னப்பாலத்தில், ஐஸ் பெட்டிகள் அடுக்கிய சுவரோரம்
பிளாஸ்டிக் நாற்காலியில் முத்துராக்கு.
என் கண்ணில் கருவி, கையில் பேனா.
மை இல்லை, தாளும் இல்லை.
அவள் முகத்துக்கு அரை விரல் முன்னால்
காற்றில் இழுக்கிறேன்
புருவ மேட்டில் கிளம்பிப் பொட்டுப் பக்கம் இறங்கி
கன்ன எலும்பைச் சுற்றி
மூக்குத்திக்கு மேலே ஏறித் திரும்பும் கோடு.
விட்ட இடத்தில் நிற்கிறது அது
பிடிமானம் ஏதுமில்லாமல்.

"ஏத்தா, பேய் ஓட்டுறியா?"
பாசிக்காரப் பெண்கள் சிரித்தார்கள். அவளும்.
ஒரு கோடு வீணானது.
அது சிரித்த கன்னத்தின் கோடு.

தினம் ஐந்து மணி நேரம் தண்ணீருக்குள் இருக்கிற முகம்.
காலில் தகரத் தட்டைக் கட்டிக்கொண்டு
பாறை இடுக்கில் பாசி கிள்ளும்போது
கடையில் வாங்கிய கண்ணாடி ஒழுகும்.
யாரோ ஒருவரின் முகத்துக்கு எங்கோ வார்த்தது.
உனக்கென்றே ஒன்று செய்யலாம் என்று
வாய்விட்டது நான்தான்.

ராத்திரி, பாம்பன் லாட்ஜில்
ஏழு கோடுகளும் திரையில் மிதந்தன.
முன்னிருந்து பார்த்தால் கன்ன முனையில்
இரண்டு கோடுகள் தொட்டுக்கொள்கின்றன.
லேசாகத் திருப்பினேன்,
நடுவில் இரண்டு மில்லிமீட்டர்.
கரையிலிருந்து பார்ப்பவனுக்குப் படகும் தீவும்
ஒட்டிக்கொண்டிருப்பது போலத்தான்.
இழுத்து முடிச்சிட்டேன்.
ஓரங்கள் மூடினால் போதும்
நடுவை மென்பொருள் நிரப்பிக்கொள்ளும்.
அங்கேதான் எனக்கு எப்போதும் கொஞ்சம் பயம்.
எவ்வளவு புடைக்க வேண்டும், எவ்வளவு குழிய வேண்டும்
நான் சொல்லவில்லை, அவளும் சொல்லவில்லை,
ஆனாலும் வந்து நிற்கிறது தோல் மாதிரி ஒரு பரப்பு,
கேட்காததற்கும் பதில் சொல்கிற ஆள் போல.
பிறகு ஒரு சொடுக்கு. முகம் முழுதானது.
வரிக்குதிரைப் பட்டைகளை அதன்மேல் ஓடவிட்டேன்.
எங்கும் ஒடியவில்லை.
அத்தனை வழவழப்பு.

இரண்டு முறை கரண்ட் போனது.
அச்சு இயந்திரம் பேட்டரியில் மூச்சுப் பிடித்து
விடியும்வரை படலம் படலமாக ஏற்றியது.

வாடை ஓய்ந்த காலை. வத்தையில் போனோம்.
பார்மேல் தண்ணீர் தெளிந்து கிடந்தது.
மூழ்கினாள். எண்ணினேன்.
பதினெட்டில் மேலே வந்தாள்
கண்ணாடிக்குள் பாதிக் கடலோடு.

"வலது பக்கம் சொட்டு இல்ல.
இடது பக்கந்தேன் வாய்க்கா மாதிரி வருது."

கழற்றிவிட்டு என் விரலைப் பிடித்து
கண்ணுக்குக் கீழே வைத்தாள்.
பள்ளம்.
ஒரு ஐப்பசியில் அலை தூக்கிப் பாறையில் அடித்ததாம்,
எலும்பு தன் இஷ்டத்துக்குச் சேர்ந்துகொண்டதாம்.

"இந்தப் பக்கம் நீ வரையவே இல்லையேத்தா."

வரையவில்லை.
வலது பாதியை வரைந்து
அதையே இடதுக்குத் திருப்பிப் போட்டிருந்தேன்.
எல்லோரும் செய்வதுதான். பாதி வேலை மிச்சம்.
ஒரு மணி நேரம் எதிரில் உட்கார்ந்தவளின்
ஒரு பக்கத்தை நான் பார்த்திருக்கவே இல்லை.

பேனாவை அவளிடமே கொடுத்தேன்.
கண்ணை மூடிக்கொண்டாள்.
இடது கை விரல் தடவிக்கொண்டே முன்னால் போக
பின்னாலேயே வந்தது பேனா.
கோடு நடுங்கியது, பள்ளத்தில் நின்றது,
கொஞ்சம் பின்வாங்கி மறுபடி இறங்கியது.
சீராக்கவா என்று கேட்டது திரை.
வேண்டாம் என்று தட்டினேன்.
இந்த முறை பட்டைகள் கன்னத்தில் ஒடிந்து நெளிந்தன.
கல்லூரியில் காட்டியிருந்தால்
திருத்திக்கொண்டு வா என்று அனுப்பியிருப்பார்கள்.

செவ்வாய்க்கிழமை, அதே பார்.
முப்பது. நாற்பது. ஐம்பத்திரண்டு.
பாசிச் சாக்கை முதலில் வத்தைக்குள் எறிந்தாள்,
பிறகு கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றினாள்.
மூக்கோரம் வழிந்தது
ஒரு கரண்டித் தண்ணீர்.
"இம்புட்டுத்தேன்" என்றாள்.
எந்த ஓரம் வழியாக என்று நான் கேட்டு முடிப்பதற்குள்
கண்ணாடிக்குள் எச்சில் தடவி மாட்டிக்கொண்டு
மறுபடி இறங்கிவிட்டாள்.
பேனாவை அறையிலேயே விட்டு வந்திருந்தேன்.